பெயர் சொல்லாமல் போன ஐயாவுக்கு

வாக்குச்சாவடி வாசலில் உதவிய ஐயாவுக்கு எங்கள் பஜனைக் குழுவின் வணக்கம். "உங்க ஓட்டு விழுந்துடுச்சே" என்றதும் திரும்பிப் போகக் கிளம்பிய பெரியம்மாவை நிறுத்தி, 1961 தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள 49பி (49P) விதியை எடுத்துச் சொன்னீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி.

நம் பெயரில் வேறொருவர் வாக்களித்திருந்தாலும், நாம் இன்னார்தான் என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்படும்படி பதில் சொன்னால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தர வேண்டும். இயந்திரத்தில் அல்ல, தாளில். முதலில் இப்படி வாக்களிப்பவர்களைப் பதியும் படிவம் 17பி-யில் (17B) கையெழுத்து, பிறகு மறைவிடத்தில் முத்திரை. மடித்துக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். எண்ணிக்கை நாளில் இது சேராது. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் பார்ப்பார்கள். "அப்புறம் எதுக்கு?" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். விடக்கூடாது ஐயா. வித்தியாசம் சில ஓட்டுகளாக இருக்கும்போது அந்த உறைக்குத் தனி மதிப்பு.

மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி ஊழல் செயல் என்றும் சொன்னீர்கள். பக்தியுள்ள எங்களுக்கு அது தடையல்ல, காவல். வேட்பாளர் சாமி பேரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. சாமியைக் கும்பிட்டுவிட்டு நாட்டை நினைத்து முடிவெடுப்பது எங்கள் மனசு.

பெரியம்மா உங்கள் நலனுக்காகத் தினமும் விளக்கேற்றுகிறார். நல்லா இருங்க ஐயா.