கல்லறையைக் கழுவுங்கள், கொடியை மட்டும் வீட்டில் வையுங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டரசுக்காகப் போரிட்ட கான்ஃபெடரேட் வீரர்களின் கல்லறைகளை வர்ஜீனியாவில் பராமரித்துவரும் மரபுக் குழுக்களின் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேலையை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, ஆண்டுதோறும் போய்ப் புல் பிடுங்கி வருவதை யாரும் குறை சொல்லக் கூடாது, அவன் எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டிருந்தாலும் சரி. கம்பித் தூரிகையும் பிளீச்சும் பழைய பளிங்கை அரித்துவிடும் என்று தெரிந்து, தண்ணீரும் மென்மையான தூரிகையுமாகப் பொறுமையாக உட்கார்ந்து பாசி எடுக்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு என் மரியாதை உண்டு. வெளியிலிருந்து வந்தவன், உனக்கென்ன இதில் என்று நீங்கள் கேட்கலாம். இந்த மாநிலத்தில் வரி கட்டி வாழ்கிறேன், என் பிள்ளைகள் இங்கேதான் வரலாறு படிக்கிறார்கள், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ரிச்மண்டின் ஓக்வுட் இடுகாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 17,000 தெற்கத்திய வீரர்கள் அங்கே கிடக்கிறார்கள். பெரும்பாலோர் போர்க்களத்தில் விழுந்தவர்கள் அல்லர், பக்கத்தில் இருந்த சிம்பராசோ போன்ற மருத்துவமனைகளில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் சீழ்வைத்த காயங்களிலும் செத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களில் எத்தனை பேர் விரும்பிப் போனார்கள்? 1862 ஏப்ரலில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இருபது அல்லது அதற்கு மேல் அடிமைகள் இருந்த பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு என்று அதைத் திருத்தினார்கள். அடிமை ஒருவர்கூட வைத்திராத ஏழைக் குடியானவன் துப்பாக்கி தூக்க வேண்டும், நூறு அடிமைகளை வைத்திருந்தவன் வீட்டில் ஓர் ஆண்மகன் படைக்குப் போகாமல் இருந்துகொள்ளலாம். இது பணக்காரன் போர், சாவது ஏழை என்று அந்தப் படைக்குள்ளேயே முணுமுணுத்தார்கள், கூட்டங்கூட்டமாகப் படையை விட்டு ஓடவும் செய்தார்கள். அப்படிப்பட்டவர்களும் படுத்திருக்கும் மண்ணில் ஒரே கான்ஃபெடரேட் போர்க்கொடியை நட்டு, இவர்கள் எல்லோரும் ஒரே இலட்சியத்துக்காக உயிர் கொடுத்தார்கள் என்று மேடை போட்டுப் பேசினால், பாதிப் பேருக்காவது அது பொய்யாக இருக்காதா?

1906-இல் நியூ ஆர்லியன்ஸில் கான்ஃபெடரேட் தளபதி ஸ்டீவன் டி. லீ உங்கள் முன்னோர்களிடம் ஒப்படைத்த உறுதிமொழியை இன்றும் கூட்டங்களில் வாசிக்கிறீர்கள். வீரனின் நற்பெயரைக் காக்க வேண்டும், நாங்கள் போரிட்ட நோக்கம் நியாயமானது என்று நிலைநாட்ட வேண்டும், இரண்டுமே அதில் இருக்கின்றன. கோளாறு இந்த முடிச்சில்தான். முதல் கடமையை யாரும் ஏற்கலாம். இரண்டாவதை ஏற்க முடியாது, ஏனென்றால் நோக்கம் என்ன என்பதை அந்த அரசை நடத்தியவர்களே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமைத்தனமே அவர்களின் இயல்பான நிலை, இந்த உண்மைமேல்தான் எங்கள் அரசின் அடித்தளக் கல் நிற்கிறது என்று துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானாவில் வெளிப்படையாகப் பேசினார். மிசிசிப்பி பிரிந்துபோனபோது வெளியிட்ட அறிக்கை, அடிமை முறையோடு எங்கள் நிலைப்பாடு முழுவதுமாகப் பிணைந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, போருக்குக் காரணம் மாநில உரிமை, வரி என்று கல்லறை முன்னால் நின்று பேசுவது செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்தப் போர்க்கொடியும் 1865-ஓடு மடித்துவைக்கப்படவில்லை. 1948-லிருந்து இனப் பிரிவினையைக் காக்க நின்றவர்கள் அதைத்தான் தூக்கிப் பிடித்தார்கள், கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையர் பள்ளிக்குள் வருவதை எதிர்த்தவர்கள் கையிலும் அதுதான் இருந்தது.

நோக்கத்தைத் தூக்கிப் பிடிக்காமல் வீரனுக்கு மரியாதை செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜான் டபிள்யூ. ஜோன்ஸைச் சொல்வேன். நம் வர்ஜீனியாவின் லீஸ்பர்க் பக்கம் அடிமையாகப் பிறந்தவர், 1844-இல் தப்பி வடக்கே நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவுக்கு நடந்தே போனவர். தானே தப்பி வந்தவர் பின்னால் தப்பி வந்த நூற்றுக்கணக்கானோருக்கு அடைக்கலம் கொடுத்தார். அந்த ஊரில்தான் 1864-இல் தெற்கத்தியப் போர்க் கைதிகளின் முகாம் வந்தது, ஓராண்டுக்குள் அடைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் செத்தார். புதைக்கும் பொறுப்பு உட்லான் இடுகாட்டைப் பார்த்துக்கொண்ட ஜோன்ஸிடம் வந்தது. தன்னை அடிமையாக வைத்திருந்த உலகத்தைக் காக்கப் போரிட்ட ஆட்கள்! மொத்தமாகக் குழி வெட்டித் தள்ளியிருக்கலாம், கேட்க ஆள் இல்லை. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனிப் பெட்டியில் அடக்கம் செய்தார், பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் குறித்துவைத்தார், தலைமாட்டில் மரப்பலகை நட்டார். 2,973 பேர். அவர் எழுதிவைத்த பதிவுகள் அவ்வளவு துல்லியமாக இருந்ததால்தான் 1907-இல் அரசு பெயரோடு கற்களை நட முடிந்தது. தான் தப்பி வந்த பண்ணையின் மேற்பார்வையாளர் மகனும் இறந்தவர்களில் இருந்ததாகவும், அடையாளம் கண்டு ஜோன்ஸ்தான் குடும்பத்துக்குத் தகவல் போகச் செய்ததாகவும் சொல்லப்படுகிறது. உங்கள் முன்னோர்களுக்கு அந்தப் போர்க்காலத்தில் கிடைத்த மிகப் பெரிய மரியாதைகளில் ஒன்று இது என்று நினைக்கிறேன். அதில் கொடி இல்லை, முழக்கம் இல்லை, அடிமைத்தனத்தை அவர் ஒரு நொடிகூட மன்னிக்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எசமானோடு போருக்கு இழுத்துச் செல்லப்பட்டுச் சமையலும் குதிரைப் பராமரிப்பும் செய்த அடிமைகளின் கல்லறைகளில் உங்கள் குழுக்களில் சில கான்ஃபெடரேட் வீரர் என்று கல் நடுகின்றன. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கறுப்பினத்தவரைப் படைவீரராகச் சேர்க்க அந்த அரசு சட்டம் போட்டதே 1865 மார்ச் 13 அன்றுதான், அடுத்த மூன்று வாரத்தில் அந்த அரசின் தலைநகரான ரிச்மண்டே விழுந்துவிட்டது. மறுக்க வழியில்லாமல் போன மனிதரை அவர் இறந்த பிறகும் படையில் சேர்ப்பது கொடுமை.

அப்புறம் பணம். உங்கள் கல்லறைகளுக்கு இந்த மாநிலம் பல பத்தாண்டுகள் மானியம் கொடுத்துவந்தது. கறுப்பினத்தவரின் பழைய இடுகாடுகளுக்கும் அதே முறையில் தர சட்டம் வந்தது 2017-இல்தான். அதுவரை ரிச்மண்டின் எவர்கிரீன், ஈஸ்ட் எண்ட் இடுகாடுகளில் மரமும் செடிகொடியும் மூடிக் கற்கள் காட்டுக்குள் போய்விட்டன. இந்த நாட்டிலேயே வங்கி தொடங்கி நடத்திய முதல் கறுப்பினப் பெண் மேகி வாக்கர் எவர்கிரீனில்தான் இருக்கிறார். ஷாக்கோ ஹில்லில் இருந்த கறுப்பினத்தவர் இடுகாட்டின் நிலை இதைவிட மோசம். அங்கே 22,000-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள், அதன் மேல் ரயில் பாதையும் சாலையும் போயின, ஒரு கல்கூட மிச்சமில்லை.

புல் பிடுங்க அங்கேயும் வாருங்கள் என்று கேட்கலாம், கேட்கவும் செய்கிறேன், உங்களுக்குத் தெரிந்த அளவு பழைய கல்லைக் கையாளத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் உங்களால் மட்டுமே ஆகக்கூடிய வேலை வேறொன்று இருக்கிறது. 1860 கணக்கெடுப்பு அடிமைகளின் வயது, பாலினம், நிறம் போன்றவற்றைத்தான் எழுதியது, பெயரை அநேகமாக எங்கும் எழுதவில்லை. அந்தப் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்றால், உயில்களிலும் விற்பனைச் சீட்டுகளிலும் பண்ணைக் கணக்குகளிலும் கடிதங்களிலும். அவற்றில் ஒரு பகுதியாவது, கொள்ளுத்தாத்தாவின் படைச் சான்றைத் தேடி நீங்கள் திறந்து பார்த்த அதே பெட்டிகளில் இருக்கும். ரிச்மண்டிலேயே வர்ஜீனியா நூலகமும் வர்ஜீனியா வரலாறு பண்பாட்டு அருங்காட்சியகமும் அப்படிப்பட்ட பெயர்களைத் திரட்டி எல்லோரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைக்கின்றன. உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பழைய தாள்களைப் பார்த்து, அடிமைகளின் பெயர் வரும் பக்கங்களின் நகலை இந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

அன்புடன்,
ரிச்மண்டில் வாழும் ஒரு தமிழர்