ஜைரோகோனைட்டுக்குப் பெயர் வைப்பது பற்றி மல்லிகாவுக்கு

நாக்பூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வெயிலைக் காரணம் சொல்லலாம், நீ நம்பமாட்டாய். பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான், வீடு வீடாக இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் மொட்டை மாடியில் தொட்டி வைத்துப் பாசி வளர்க்கிறாயாமே, உன் தம்பி போனில் புலம்பித் தீர்த்துவிட்டான். தொட்டியைக் கீழே இறக்கடி. பாசிக்கு மாடியும் ஒன்றுதான், முற்றமும் ஒன்றுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மாணவி மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் போனபோது அள்ளி வந்த களிமண்ணில் கேரா என்ற குளத்துப் பாசியின் ஃபாசிலான காய்மணிகள் இருக்கின்றன, 1959-ல் சுந்தரலிங்கம் இன்றைய தென்னிந்தியக் கேராக்களுக்கு எழுதிய விளக்கத்தை வைத்தே அவற்றை இனம் பிரித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது. அவர் வேலையில் குறை இல்லை. உயிருள்ள கேராவைப் பிரிக்க நாம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபாசிலிடம் பதிலே கிடையாது.

நினைத்துப் பார். தண்டின் மேல் புறணிச் செல்கள் உண்டா, கணுவில் ஸ்டிப்யூலோடு என்னும் சிறு முள் செல்கள் ஒரு வரிசையா இரண்டு வரிசையா, ஆணும் பெண்ணும் ஒரே செடியிலா தனித்தனிச் செடியிலா, இப்படித்தானே இனம் பிரிக்கும் கேள்விப் பட்டியலான கீயில் இறங்கிக்கொண்டே போவோம்? செடி அழுகி, மணி மட்டும் ஏரிச் சேற்றில் தங்கியது. தண்டுத் துண்டுகள் அபூர்வமாகக் கிடைத்தாலும் எந்த மணி எந்தத் தண்டுக்குச் சொந்தம் என்று யார் சொல்வது? பி.எஸ்ஸி.யில் நாம் மனப்பாடம் செய்த அந்த முடிச் செல் சமாச்சாரமும், காயின் உச்சியில் கிரீடம்போல நிற்குமே அதுவும், உதவாது. கேராவுக்கு ஐந்து, அதன் உறவான நிட்டெல்லாவுக்குப் பத்து என்பது உண்மைதான். ஆனால் அந்த முடியில் சுண்ணாம்பு ஏறுவதில்லை, உதிர்ந்து போய்விடும். முட்டையைச் சுற்றிய ஐந்து குழாய்ச் செல்களின் உட்பக்கம் படியும் கால்சைட் என்ற சுண்ணாம்பு ஒன்றுதான் மிஞ்சும். அதைத்தான் ஜைரோகோனைட் என்கிறோம்.

அதனால் ஃபாசில்காரர்கள் வேறு கேள்விகள் வைத்திருக்கிறார்கள். உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, இரண்டுக்கும் விகிதம் என்ன, பக்கவாட்டில் பார்த்தால் எத்தனை சுற்று தெரிகிறது, சுருளின் முதுகு மேடா பள்ளமா, அதில் புடைப்பு உண்டா. எல்லாவற்றையும்விட முக்கியம் உச்சியும் அடியும். இந்தப் பக்கத்தில் அடிக்கடி கிடைக்கும் பிளாட்டிகேரா என்ற ஃபாசில் பேரினத்தை எடுத்துக்கொள். ரவை அளவு மணி, உயரத்தைவிட அகலம் கூட, தலை தட்டை. ஈரத் தூரிகையின் நுனியால் அதை நிமிர்த்தி வைத்து மேலிருந்து பார்த்தால் ஐந்து சுருளும் நடுவில் வந்து ஒரு கோணல் கோட்டில் முட்டிக்கொள்வது தெரியும். பெக்கிகேரா என்ற இன்னொன்றில் அதே இடத்தில் ஐந்து குமிழ்கள் பூப்போலக் கூடி நிற்கும். கவிழ்த்துப் போட்டால் அடியில் ஐங்கோணத் துளை. துளைக்குள் ஒரு சிறு தட்டு அடைத்திருக்கும். அது ஒரே துண்டா, பல துண்டா என்பதில்தான் கேரா கூட்டமும் நிட்டெல்லா கூட்டமும் பிரியும். அதைப் பார்க்க மணியை உடைத்தாக வேண்டும், எனக்கு இன்னமும் மனசு வராத வேலை.

சுருள் எந்தப் பக்கம் போகிறது என்று கவலைப்பட வேண்டாம். இன்றைய கேராக்கள் எல்லாமே இடப்பக்கச் சுருள்தான், தக்காண ஏரிகளில் இருந்தவையும் அப்படித்தான். மிகப் பழைய டெவோனியன் காலத்து டிரோகிலிஸ்கஸ் வலப்பக்கம் சுற்றியது, சைசிடியத்தில் செல்கள் சுற்றாமல் நெட்டுக்குத்தாக நின்றன. அந்த வம்சங்கள் எல்லாம் போய்விட்டன.

இந்த மணியைப் பார்த்துப் பெரிய ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். பாரிஸ் பக்கத்துப் பாறையில் கிடைத்ததை பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் சிப்பி, நத்தை வகையோடு சேர்த்துவிட்டார். 1812-ல் லெமான்தான் இது கேராவின் காய் என்று கண்டுகொண்டார். நம் நாட்டுக் கதை இன்னும் சுவாரசியம். மதராஸ் மருத்துவப் பணியில் இருந்த மால்கம்சன் என்ற டாக்டர், பெரிபெரி நோய் பற்றிப் புத்தகம் எழுதியவர், ஐதராபாத்துக்கும் நாக்பூருக்கும் இடைப்பட்ட எரிமலைப் பாறைகளுக்கு நடுவே இருந்த ஏரிப் படிவுகளில் ஃபாசில் பொறுக்கினார். அதில் வந்த கேராவுக்கு இயற்கையியலாளர் சவர்பி கேரா மால்கம்சோனி என்று பெயர் வைத்தார். 1840-ல் லண்டனில் அச்சானது. டாக்டர்கள் கல் பொறுக்கிய காலம் அது!

பெயர் தப்பானால் என்ன குடி முழுகிவிடும் என்று உன் மாணவி கேட்கலாம். தக்காணப் பாறைகளின் வயதே ஒரு காலத்தில் இந்த மாதிரி அடையாளங்களை நம்பித்தான் இருந்தது. தொல்தாவர ஆய்வாளர் பீர்பல் சாஹ்னி பனை, அசோலா போன்ற தாவரங்களை வைத்து இது டைனோசர்களுக்குப் பிந்தைய இயோசீன் காலம் என்று வாதாடினார். ராஜமுந்திரி அருகே காத்தேருவில் கிடைத்து 1939-ல் விவரிக்கப்பட்ட கேராக்களும் அந்த விவாதத்துக்குள் வந்தன. பிறகு எரிமலைக் குழம்புகளுக்கு இடைப்பட்ட படிவுகளில் டைனோசர் பல்லும் முட்டை ஓடும் கிடைத்தன, கதிரியக்க முறையில் வயதும் கணித்தார்கள். இப்போது சுமார் 6.6 கோடி ஆண்டு, டைனோசர் காலமான கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டமும் அதைத் தாண்டியும் என்கிறோம். சாஹ்னியைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் இருந்த பொருள் அவ்வளவுதான்.

என் ஆதங்கம் வேறு. நாலைந்து மணியைப் பார்த்துவிட்டுப் புது இனம் அறிவிப்பது இன்னும் நிற்கவில்லை. அதுவும் செர்ட் என்ற கடினமான கல்லுக்குள் வெட்டுமுகமாக மட்டும் தெரிகிற மணிக்கு! வெட்டு சாய்ந்து விழுந்தால் உருண்டை நீளமாகும், நீளம் உருண்டையாகும். உச்சியை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒரே அடுக்கிலிருந்து நூறு மணியாவது அளந்து, அளவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்த்த பிறகுதான் பேச வேண்டும். பெரிதும் சிறிதும் இரண்டு இனமாக இருக்கலாம், ஒரே செடியின் முற்றியதும் முற்றாததுமாகவும் இருக்கலாம்.

அப்புறம், களிமண்ணை என்ன செய்வது? பாதியை எடுத்து வை. மீதியை வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டு, கால் மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள சல்லடையில் மெதுவாக அலசி, நிழலில் உலர்த்தச் சொல். ஆசிட் பக்கமே போகக் கூடாது, எலுமிச்சைச் சாறுகூட மணியைத் தின்றுவிடும். எடுத்து வைத்த பாதிதான் ஆசிட்டுக்கு. அதில் சுண்ணாம்பும் மணலும் கரைந்து போனாலும் நுண்பாசிகளான பீடியாஸ்ட்ரத்தின் தட்டுகளும் போட்ரியோகாக்கஸின் கட்டிகளும் கரையாமல் நிற்கும். மணலைக் கரைக்கும் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் ஆபத்தானது, உங்கள் கல்லூரியில் புகைக்கூண்டு சரியில்லை என்றால் இங்கே அனுப்பிவிடு, பார்த்துக்கொள்கிறேன். பீடியாஸ்ட்ரம் கிடைத்தால் எந்தப் பெயரில் எழுதுவது என்று அடுத்த சண்டை வரும். டி.என்.ஏ. பார்த்தவர்கள் அந்தப் பேரினத்தை 2005-ல் மோனாக்டினஸ், சூடோபீடியாஸ்ட்ரம் என்றெல்லாம் உடைத்துவிட்டார்கள். ஃபாசில் மகரந்தமும் நுண்பாசியும் எண்ணுகிறவர்களில் பலர் இன்னும் பழைய பெயரில்தான் எழுதுகிறார்கள். ஃபாசிலில் டி.என்.ஏ. கிடைக்கப் போவதில்லை, உருவம்தான் தெரிகிறது என்பதால் நானும் அவர்கள் கட்சி.

இப்போது என் பங்குக்கு ஒரு வேலை கேட்கிறேன். உன் தொட்டியில் இருப்பது கேரா ஜெய்லானிகாவா, கொராலினாவா? இரண்டுமே தரங்கம்பாடியில் இருந்த டாக்டர் கிளைன் பெர்லினில் இருந்த தாவரவியலாளர் வில்டெனோவுக்கு எழுதிய பெயர்கள், 1805-ல் அச்சேறியவை. உன் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம்தானே தரங்கம்பாடி. எது இருந்தாலும் சரி, ஒரே செடியில் முற்றி உதிரும் காய்களை எல்லாம் சேர்த்து வை. தொட்டித் தண்ணீரைப் பொறுத்து சுண்ணாம்பு ஏறியதும் ஏறாததும் கலந்து வரும், எதையும் கழிக்காதே. நிலவியலாளர் லயல் 1820-களில் ஸ்காட்லாந்தில் தன் சொந்த ஊர்ப் பக்கத்து ஏரிகளில் இதைத்தான் செய்தார். அங்கே வளர்ந்துகொண்டிருந்த கேராவின் காயையும் அடியில் சேர்ந்திருந்த சுண்ணாம்புச் சேற்றில் கிடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம் வெப்பமான குளத்துக் கேராக்களில் ஒரே செடிக்குள் அளவு எவ்வளவு மாறும் என்று தெரிந்தால், இங்கே என் மேசையில் இருக்கும் பிளாட்டிகேராக்களில் எத்தனை பெயர் தேறும் என்று சொல்லத் துணிவு வரும்.

காகித உறையில் போட்டு அனுப்பாதே, தபாலில் முத்திரை குத்துகிற குத்தில் மாவாகிவிடும். பழைய மாத்திரை டப்பா போதும், உள்ளே கொஞ்சம் பஞ்சு. எந்தத் தொட்டி, எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதி உள்ளேயே போடு. உன் மாணவி அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் ஓட்டலில் தங்க வேண்டாம், நேரே வீட்டுக்கு வரச் சொல்.

அன்புடன்,
ராஜி