தலைவர் தேர்தலுக்கு 1, 2, 3 போடுவோம்: விசைத்தறிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிச் சங்கப் பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூலி உயர்வு பேச உட்காரும் தலைவருக்குப் பின்னால் பாதிக்கு மேல் தறிக்காரர்கள் நிற்க வேண்டும். நாலு பேர் போட்டியிட்டு, 300 ஓட்டில் 112 வாங்கியவர் ஜெயித்தால், 188 பேர் வேறு ஆளைக் கேட்டவர்கள். எதிரே உட்காருகிற ஜவுளி உற்பத்தியாளர்களுக்கும் அது தெரியும். அதனால் தலைவர் பதவிக்கு முன்னுரிமை வாக்கு முறையை, அதாவது பிடித்த வரிசைப்படி வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடும் முறையைக் கொண்டுவரக் கேட்கிறோம்.

குடியரசுத் தலைவர் தேர்தலே இப்படித்தான் நடக்கிறது. 1969-இல் முதல் எண்ணிக்கையில் வி.வி. கிரி பெற்றது 4,01,515, தேவைப்பட்டது 4,18,169. பின்தங்கியவர்களின் சீட்டிலிருந்த அடுத்த விருப்பங்கள் வந்து சேர்ந்த பிறகே 4,20,077 ஆகி ஜெயித்தார்.

நம் கணக்குக்கு வருவோம். பாவு சின்னம் 112, நாடா 86, தார் 64, கத்தரி 38. வெற்றிக்கு 151 வேண்டும், யாருக்கும் இல்லை. கடைசியில் நிற்கும் கத்தரியை நீக்கி, அந்த 38 சீட்டையும் இரண்டாம் விருப்பப்படி பிரிக்கிறோம்: நாடாவுக்கு 24, தாருக்கு 6, பாவுக்கு 5. மூன்று சீட்டில் '1' மட்டுமே இருக்கிறது. அவற்றைத் தனிக் கட்டாக வைக்க வேண்டும். இப்போது பாவு 117, நாடா 110, தார் 70. அடுத்து தாரை நீக்கினால் அந்த 70-இல் நாடாவுக்கு 48, பாவுக்கு 14, மிச்சம் 8 தனிக் கட்டுக்கு. நாடா 158, பாவு 131, தனிக் கட்டு 11. கூட்டிப் பாருங்கள், 300. ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் கூட்டுத்தொகை வராமல் அடுத்த சுற்றுக்குப் போகவே கூடாது.

தப்பு நடப்பது பெரும்பாலும் சீட்டில்தான். பழக்கத்தில் டிக் அடித்தாலோ, இரண்டு பேருக்கு '1' போட்டாலோ செல்லாது. 1, 2, 4 என்று போட்டால் 2 வரைக்கும் செல்லும். கொக்கி வைத்த '1', '7' மாதிரித் தெரிந்து சண்டை வரும். மாதிரிச் சீட்டைச் சாவடிச் சுவரில் ஒட்டுங்கள். பேனா சங்கமே கொடுக்கட்டும், எல்லாருக்கும் ஒரே மை. மை மாறினால் யார் சீட்டு என்று கண்டுபிடித்துவிடலாம்.

கடைசி இருவர் சமமாக நின்றால்? முதல் விருப்பம் குறைந்தவர் வெளியே; அதுவும் சமமானால் சீட்டுக் குலுக்கல். இதை ஓட்டு எண்ணுகிற மேசையில் முடிவு செய்யாதீர்கள், முன்கூட்டியே பைலாவில் எழுதுங்கள். செயற்குழுவின் பல இடங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. முதலில் தலைவர் பதவியோடு நிறுத்துவோம்.

சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானவர்களுக்குப் பைலாவைத் திருத்த சிறப்புத் தீர்மானம் வேண்டும். வரும் மகாசபை அஜெண்டாவிலேயே இதைச் சேர்த்து நோட்டீஸ் அனுப்புங்கள்.