கால்விரலை மூடினால்தான் கதவு திறக்குமா?

பார்படோஸ் மேற்குக் கரையில் எங்களை வரவேற்ற விடுதியின் முகாமைத்துவத்துக்கு,

வணக்கம்.

கடந்த குளிர்கால விடுமுறையில், விரல் தெரியும் செருப்புப் போட்டிருந்தார் என்று என் அப்பாவை உங்கள் உணவக வாசலில் மறித்ததை நீங்கள் அறிவீர்கள். அன்றிரவே வரவேற்பு மேசையில் முறைப்பாடு எழுதித் தந்தேன். ரொறன்ரோ திரும்பியதும் மின்னஞ்சலும் அனுப்பினேன். ஆகவே கதையை முதலிலிருந்து அளக்கப்போவதில்லை. கேட்பது ஒன்றுதான்: உங்கள் மாலை உணவகங்களுக்கு ஆண்களும் ஒழுங்கான தோல் செருப்போடு வரலாம் என்று விதியைத் திருத்துங்கள்.

உடை விதியே வேண்டாம் என்று சண்டைக்கு வரவில்லை. குளித்த ஈரத்தோடு, மேற்சட்டை இல்லாமல் ஒருவர் பக்கத்து மேசையில் வந்து குந்தினால் எனக்கும் சாப்பாடு இறங்காது. நீளக் காற்சட்டை, கொலர் வைத்த சேர்ட் என்றீர்கள், போட்டோம். உங்கள் நாட்டில் இராணுவ உருமறைப்புத் துணியைப் பொதுமக்கள், சின்னப் பிள்ளைகள்கூட, அணிவது சட்டப்படி குற்றம். அது விமானம் ஏற முன்னரே எங்களுக்குத் தெரியும். கனடிய அரசின் பயண அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. மகன் ஆசையாக எடுத்து வைத்த தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தோம். முன்கூட்டிச் சொன்னால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? ஆனால் ஆண்கள் விரல் தெரியாத சப்பாத்துத்தான் போட வேண்டும் என்பதை நீங்கள் எங்கே சொன்னீர்கள்? சாப்பாடும் சேர்த்து ஓல் இன்குளுசிவ் என்று முழுக் காசையும் வாங்கிய பிறகு, அறையில் ரீவிக்குப் பக்கத்தில் கிடந்த கோப்பின் கடைசித் தாளில்.

என் அப்பாவுக்கு நெடுநாளாக மூட்டுவாதம். இரண்டு காலிலும் விரல்கள் வளைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. மூடின சப்பாத்து எதுவும் அவருக்கு ஏறாது. கால் வைத்தியர் அளவெடுத்துச் செய்வித்துக் கொடுத்த, குதிவார் வைத்த மண்ணிறத் தோல் செருப்புத்தான் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும். அன்று பின்னேரம் பல்கனியில் பேப்பரை விரித்து, கொண்டுவந்த பொலிஷைப் போட்டு அதை மினுக்கிக்கொண்டிருந்தார். நல்ல இடத்துக்குச் சாப்பிடப் போகிறோமாம்.

வாசலில் நின்ற பிள்ளை எங்கள் பெயரைச் சரிபார்த்துவிட்டுக் கீழே பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, அலுமாரியிலிருந்து ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தை எடுத்து வந்தார். இரவல் கொடுப்பதற்கென்றே வைத்திருக்கிறீர்களாம். பின்னால் வரிசை நிற்க, அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை அதற்குள் விட்டுப் பார்த்தார். விரல்மடிப்பு அளவோடு நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து, மெல்லிய வெள்ளி வார்ச் செருப்புப் போட்ட ஒரு பெண்மணி எங்களைத் தாண்டி உள்ளே போனார். என் மனைவி போட்டிருந்ததும் திறந்த செருப்புத்தான்; அதை யாரும் பார்க்கவில்லை. பத்து விரலும் தெரியப் பெண்கள் போகலாம் என்றால், ஆண்களின் விரலில் அப்படி என்ன ஆபாசம்?

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. எனக்கு அறையில ஒரு சான்ட்விச் காணும்" என்றார் அப்பா. நாங்களும் போகவில்லை.

அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மன்னிப்புக் கேட்டுக் கேட்டே களைத்துவிட்டார். இந்த விதியை எழுதியவர் ஒருநாளாவது அந்த வாசலில் வந்து நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதுவும் எந்த ஊரில்! இரவிலும் வியர்க்கிற ஊர். உங்கள் உணவகத்துக்குக் கடல் பக்கம் சுவரே கிடையாது. கடற்கரை மணல் மேசைக்கடியில் கிடக்கிறது. இலண்டன் கழகமொன்றின் கம்பள விரிப்புக்கு எழுதிய விதியை இந்த மணலில் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறீர்கள். உங்களைப் போன்ற கரீபியன் தீவான யமேக்காவில் மைக்கல் மான்லி 1970களில் கோட்டையும் ரையையும் கழற்றி வைத்துவிட்டு, இந்த வெயிலுக்கு ஏற்ற கரீபா உடையில் பிரதமர் வேலை பார்த்தார். உங்கள் பிரிஜ்டவுன் சதுக்கத்தில் 1813 முதல் நின்ற, பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனின் சிலையை 2020 நவம்பரில் இறக்கினார்கள். அடுத்த வருடம் நவம்பர் 30ஆம் திகதி நாடு குடியரசாகி, பிரித்தானிய அரசியாருக்கும் விடைகொடுத்தது. நெல்சனின் சப்பாத்து மட்டும் உங்கள் அலுமாரியில் மிஞ்சிவிட்டது போலும்.

வெள்ளிக்கிழமை ஒய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போனோம். பிளாஸ்டிக் கதிரை, புகை, காதைப் பிளக்கும் பாட்டு. சுட்ட மார்லின் மீனும் மக்கரோனிப் பையும் அப்பா ரசித்துச் சாப்பிட்டார். மேசைக்குக் கீழே குனிந்து பார்க்க அங்கே ஆளில்லை. உங்களிடம் ஏற்கெனவே கட்டிய இராச்சாப்பாட்டுக்கு மேலே அங்கே திரும்பவும் காசு கொடுத்தோம், அது வேறு கணக்கு.

நெல்சனை விடுவோம், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் விடுதியில் மற்றெல்லாம் நன்றாகவே இருந்தது. தோட்டத்தில் வேலை செய்தவரிலிருந்து காலைச் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் தேநீரை நினைவு வைத்துக் கொடுத்தவர் வரை எல்லோரும் அன்பானவர்கள். அதனால்தான் பேசாமல் விடாமல் எழுதுகிறேன். கனடாவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் குளிருக்குத் தப்பி உங்களிடம் வருகிறவர்களில் வயதானவர்கள் ஏராளம். வீங்கின கால், வளைந்த விரல், சத்திரசிகிச்சை செய்த பாதம், எல்லாம் அவர்களோடு சேர்ந்துதான் வரும். அவர்கள் வைத்தியர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வர வேண்டுமா?

தயவுசெய்து விதியைத் திருத்துங்கள். செருப்பு சுத்தமாக இருக்கிறதா, குளியலறைச் செருப்பாக இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்க வேண்டாம். அதுவும் முடியாதென்றால், பணம் செலுத்தும் பக்கத்திலேயே, அட்டை எண்ணைக் கேட்பதற்கு முன், பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். வருவதா வேண்டாமா என்பதை நாங்கள் வீட்டிலிருந்தே முடிவு செய்வோம்.

பதிலை முகாமையாளர் ஒருவரின் கையொப்பத்தோடு எதிர்பார்க்கிறேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்ற தானியங்கி மடல் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

மதிப்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் விருந்தினர் ஒருவர்