காரணத்தை வாசலிலேயே சொல்லுங்கள்

வட மாகாண சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபருக்கும், யாழ்ப்பாண மாவட்டப் பொலிஸ் நிலையங்களின் பொறுப்பதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

“சும்மா ஒரு வாக்குமூலம்தான், எடுத்துப்போட்டு விட்டுவிடுவம்.” ஒழுங்கைக்குள் ஜீப் வந்து பெடியனை ஏற்றிக்கொண்டு போகும்போது பல வீடுகளுக்குக் கிடைக்கிற விளக்கம் இவ்வளவுதான். பின்னால் ஓடிப்போய்க் கேட்கிற தாய்க்கு, “கைது இல்லை அம்மா, விசாரணை” என்று பதில் வரும். சரி, கைது இல்லையென்றால் அவன் எழுந்து வீட்டுக்கு வரலாமா? வரமுடியாது என்றால் அது கைதுதான்.

இது என் வியாக்கியானம் அல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவைப் பாருங்கள். ஆளைத் தொட்டுப் பிடித்தாலும் கைது, சொல்லுக்குப் பணிந்து அவராக உங்களோடு வந்தாலும் கைது. என்ன குற்றச்சாட்டு என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை இதையே அடிப்படை உரிமையாக்கியிருக்கிறது. ஆகவே காரணம் சொல்ல வேண்டிய இடம் வீட்டு வாசல். நிலையத்துக்குக் கொண்டுபோய், புத்தகத்தில் பதிந்த பிறகு அல்ல.

இதில் நேரக் கணக்கும் இருக்கிறது. பிடியாணை இல்லாமல் பிடித்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது அதே சட்டக்கோவையின் 37ஆம் பிரிவு. கைதை “விசாரணை” என்று அழைத்தால் அந்த 24 மணித்தியாலம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடுவதற்கு இருப்பதோ ஒரே ஒரு மாதம். அங்கே போய் நிற்கிறவர் எந்த நேரத்தைச் சொல்லுவார்?

“அமைதியாக இருக்க உனக்கு உரிமை உண்டு” என்று படத்தில் வருவதை இங்கேயும் எதிர்பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அது 1966இல் அமெரிக்காவில் வந்த மிராண்டா தீர்ப்பு. அங்கேகூட அது கைவிலங்கு போடும் நொடிக்கானது அல்ல, காவலில் வைத்து விசாரிக்கத் தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டியது. எங்கள் சட்டம் வேறு வழியில் போகிறது. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் சாட்சியமாக எடுக்க முடியாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேலான அதிகாரியிடமோ கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக எடுக்கலாம் என்று சொல்லி அந்தப் பாதுகாப்பை உடைத்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். அதனால் வந்த வினையை வடக்கில் விளக்கத் தேவையில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆளை ஏற்றும்போதே காரணத்தைத் தமிழில் சொல்லுங்கள். விளங்காத மொழியில் சொன்னால் சொன்னதாகாது. பிடித்த நேரம், குற்றச்சாட்டு, கொண்டுபோகும் நிலையம், அதிகாரியின் பெயர் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். சட்டத்தரணி வந்தால் வாங்கில் காக்க வைக்காமல் உள்ளே விடுங்கள். இதை எல்லா நிலையங்களுக்கும் எழுத்தில் பணிப்புரையாக அனுப்புங்கள், அதன் பிரதியை நிலைய வாசலில் தமிழில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கோப்பாய்வாசி ஒருவர்