செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நம் விடுதித் தோழி கணக்குப்புலிக்கு வேலை மாற்றலாகிவிட்டதாம். வழக்கம்போல நம் இருவரிடமும் மூச்சுவிடவில்லை. அவளை நீயே கேட்டுக்கொள்.

உன் கடிதம் முழுக்கக் குழந்தைதான். எடை, தடுப்பூசி, குப்புற விழுந்தது, தவழப் பார்ப்பது. உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி: நாள் முழுக்கப் பேச ஆளில்லை. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. இது நீளமான கடிதம். பிள்ளை தூங்கும்போது படி.

நான் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு குழுவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பிள்ளையை விட்டுவிட்டு வரும் பிளே ஸ்கூல் என்று நினைத்துவிடாதே. சில வீட்டுப் பெற்றோர் அவரவர் பிள்ளையோடு ஒரு கூடத்தில் கூடுகிறோம். பெருக்கிப் பாய் விரித்து, வாயில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக எதுவும் கிடக்கிறதா என்று பார்த்து, பொம்மைக் கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். அப்பாக்களும் வருகிறார்கள். சளி, காய்ச்சல் என்றால் மட்டும் அந்த வாரம் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும்.

என் மகன் நாலு பிள்ளைகளோடு பழகட்டும் என்றுதான் போனேன். இவனோ யாரோடும் சேரவில்லை. ஒரு பெண் குழந்தையும் இவனும் முதுகோடு முதுகு உரச உட்கார்ந்து, ஆளுக்கொரு டப்பா மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நிறுத்தினால் இவனும் நிறுத்துவான். அவள் தட்டினால் இவனும் தட்டுவான். திரும்பி ஒரு பார்வை கிடையாது. எனக்குக் கவலையாகிவிட்டது. குழந்தை வளர்ச்சி பற்றிப் படித்த ஒரு அம்மா அங்கே வருகிறார். "இந்த வயதுக்கு இதுதான் விளையாட்டு" என்றார். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே இதை விவரித்திருக்கிறாராம்: சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடி தனித்தனியாக விளையாடும், கூடி விளையாடுவது வளர வளரத்தான் வரும்.

கூட்டம் எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் பிள்ளை தூங்கினானா, சாப்பிட்டானா என்று கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு, பக்கத்தில் இருந்தவள் "நீ தூங்கினாயா?" என்று கேட்டதும் பேச்சே வரவில்லை. பிறகு ஒரு நாள் இவனுக்குக் காய்ச்சல், வீட்டில் நான் மட்டும். அவள்தான் வந்து, இவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "போய்ப் படு" என்று என்னை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை காலமாயிற்று!

இன்னொன்றையும் எழுத வேண்டும். உனக்கு எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவளிடமே கேட்டேன், எழுது என்றாள். எங்களில் ஒருத்தி சுவரோரமாகவே உட்கார்ந்திருப்பாள். குழந்தை அழும், அவள் கை எழாது. அசதி என்றுதான் முதலில் நினைத்தோம். பிரசவத்துக்குப் பின் வரும் அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது எங்களில் இன்னொருத்திக்குத் தெரிந்திருந்தது. அவளே கூடப் போனாள். அங்கே பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-லிருந்து இருக்கிறது. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா என்பதுதான் அதில் முதல் கேள்வி. அதைப் படித்ததுமே அழுதுவிட்டாளாம். இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், தேறிவருகிறாள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு போன்ற மனநலச் சிக்கல் வருகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த முதல் கேள்வியை உன்னிடமும் கேட்கிறேன். உண்மையான பதில் வேண்டும்.

"இங்கே அப்படிக் குழு எதுவும் இல்லையே" என்பாய். விடுதியில் கதவைத் தட்டினாலே எரிந்து விழுந்தவள் ஆயிற்றே, நீயாகப் போய் யாரையும் கூப்பிட மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். லண்டனில் பெல் டுடேவ் என்ற ஒரு தாய், தன் மகளைச் சேர்க்கப் பாலர் பள்ளியில் இடம் கிடைக்காமல் மற்ற தாய்மாரோடு சேர்ந்து தானே ஒரு விளையாட்டுக் குழு நடத்தினார். 1961-ல் அதைப் பற்றி கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடெங்கும் இருந்து பதில்கள் வந்து, அடுத்த ஆண்டே அது ஒரு சங்கமாகிவிட்டது. உனக்குச் சங்கமெல்லாம் வேண்டாம். இன்னொரு தாய் போதும்; ஒரே கிழமை, ஒரே நேரம், யார் வந்தாலும் வராவிட்டாலும் நீ போய் உட்கார வேண்டும். அதோடு, யார் பிள்ளைக்கு எத்தனை பல் என்ற பேச்சே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு. எங்கள் குழுவையும் அந்தப் பேச்சு கெடுக்கப் பார்த்தது. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

அடுத்த தடுப்பூசிக்கு எப்போது போகிறாய்? அங்கே உன்னைப் போலவே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு யாராவது காத்திருப்பாள். அவளிடம் பேசு. முதல் கூட்டத்துக்கு இவனையும் பொம்மைக் கூடையையும் தூக்கிக்கொண்டு நான் வருகிறேன். தேதியை எழுது.

அன்புடன்,
உன் அறைத்தோழி