முக்கோணத்துக்கு அவசரமில்லை

அன்புள்ள மகளுக்கு,

குட்டி வரைந்த தாளின் படம் வந்தது. வட்டம் அழகாக வந்திருக்கிறது. முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, "நாலு வயசாகப் போகுது, இன்னும் வரலையேம்மா" என்று எழுதியிருக்கிறாய். கவலைப்படாதே. தானாகப் பார்த்து வரைய, பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயதை ஒட்டி வட்டம் வரும். நாலில் கூட்டல் குறி, அப்புறம் சதுரம். முக்கோணம் ஐந்து வயதுவாக்கில்தான். சாய்கோடு போடக் கை ஒரே நேரத்தில் கீழேயும் பக்கவாட்டிலும் போக வேண்டும். அது சின்னக் கைக்குப் பெரிய வேலை.

அந்தப் படத்தை நன்றாகப் பார். கோடு பிசகியிருப்பது மூலைகளில் மட்டும்தான். மூலை வந்தும் நிற்காமல் வட்டம் மாதிரியே வளைத்துக்கொண்டு போயிருக்கிறான். அதனால் பென்சிலைக் கொஞ்ச நாள் எடுத்து வை. அட்டையில் வெட்டிய முக்கோணத்தின் ஓரத்தை விரலால் தடவட்டும். மூலைக்கு வந்ததும் "நில்லு, திரும்பு" என்று சொல். 1907-இல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை இப்படித்தான் விரலால் தடவ வைத்தார். விரலுக்குப் பிடிபட்டது பென்சிலுக்கும் வரும்.

மறுபடி வரையத் தொடங்கும்போது, பென்சிலுக்குப் பதில் உடைந்த கிரேயான் துண்டு கொடு. துண்டு சின்னதாக இருந்தால் விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். பிடி தானாகச் சரியாகும். அவன் கையைப் பிடித்து நீ இழுக்காதே, அப்போது வரைவது உன் கைதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். புள்ளிக்கோட்டுத் தாளையே அடுக்கடுக்காகக் கொடுக்காதே. அடுத்த புள்ளி எங்கே என்று தேடுவானே தவிர, வடிவத்தைப் பார்க்க மாட்டான். முதலில் முழுப் புள்ளிக்கோடு, பிறகு மூலைகளில் மட்டும் புள்ளி, கடைசியில் வெறும் தாள். நடுநடுவே முக்கோணத்தைத் தலைகீழாக வைத்து "இது என்ன?" என்று கேள். "முக்கோணம் இல்லை" என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். திருத்த வேண்டாம், பக்கங்களைத் தொட்டு எண்ணச் சொல், போதும்.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் நிறைய. எழுந்து ஓடினால் விட்டுவிடு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா